ரசீதுப் புத்தகத்தோடு எட்டு வாரம்

சென்ற ஆண்டு ஜனவரி 2-ஆம் தேதி, காலை பத்தரை மணி. நேரு வீதியில் ஒரு துணிக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். சட்டைப் பையில் பேனா, கையில் மஞ்சள் பை, பைக்குள் ஒரு புது ரசீதுப் புத்தகம். கல்லாவில் உட்கார்ந்திருந்த முதலாளி என்னைப் பார்த்துவிட்டு, "வாங்க சார், என்ன பார்க்கறீங்க?" என்றார். மூன்று நாளாக மனதுக்குள் ஒத்திகை பார்த்த வாக்கியம் தொண்டைக்குக் கீழேயே நின்றுவிட்டது. "ரெண்டு கைக்குட்டை கொடுங்க" என்றேன். 90 ரூபாய் கொடுத்து வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன்.

"நன்கொடை வாங்கப் போனீங்களா, கொடுக்கப் போனீங்களா?" என்று வீட்டில் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

இந்த ரசீதுப் புத்தகம் என் கைக்கு வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணியிலிருந்து காலை ஏழரை மணி வரை வண்டிகளுக்கு அனுமதி இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் புண்ணியத்தில் விடியற்காலையில் காந்தி சிலையருகே எங்களைப் போன்ற கிழடுகள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். நடப்பதைவிடப் பேசுவது அதிகம். எங்களில் ஒருவர் ஓய்வுபெற்ற டாக்டர். ஒரு நாள் அவர் சொன்னார்: "கதிர்வீச்சு சிகிச்சைக்கு வர்றவங்க பாதியில நின்னுடறாங்க. மருந்துக்குப் பணம் இல்லாம இல்ல. பஸ்ஸுக்குப் பணம் இல்லாம."

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். பல வகைப் புற்றுநோய்களுக்குக் கதிர்வீச்சு என்பது வாரத்துக்கு ஐந்து நாள், ஐந்தாறு வாரம் தொடர்ந்து நடக்கிற சிகிச்சை. கருவிக்குக் கீழே படுத்திருப்பது என்னவோ சில நிமிடம்தான். ஆனால் அந்தச் சில நிமிடத்துக்காக விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து தினமும் வந்து போக வேண்டும். கூட ஒரு ஆள் வர வேண்டும். அந்த ஆளுக்கு அன்றைய கூலி போய்விடும். நடுவில் நாட்களை விட்டால் சிகிச்சையின் பலனும் குறையும். 1823-இல் பிரெஞ்சுக்காரர்கள் இங்கே ஒரு மருத்துவப் பள்ளி தொடங்கினார்கள். அதன் வழி வந்ததுதான் இன்றைய ஜிப்மர். இருநூறு ஆண்டுகளாக சுற்றுவட்டார ஜனங்கள் வைத்தியத்துக்கு நம் ஊரை நோக்கித்தான் வருகிறார்கள். வந்து சேர்வதற்கான காசு மட்டும் அவரவர் பாடு.

வழிச்செலவு கொடுத்து உதவுகிற ஒரு அறக்கட்டளைக்காக மாசி மகத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஒரு நடை நடப்பது என்று முடிவாயிற்று. கடற்கரைச் சாலையை இரண்டு முறை போய்வருவது. ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர். நடக்கிறவர்கள் ஒவ்வொருவரும் 25,000 ரூபாய் திரட்ட வேண்டும். முழங்கால் வலி இருந்தாலும் நடந்துவிடலாம் என்று எனக்குத் தைரியம் இருந்தது. 25,000-த்தை நினைத்தால்தான் வயிற்றைக் கலக்கியது.

கேட்பது எனக்குப் பழக்கமில்லாத தொழில். பிரெஞ்சுப் பள்ளியில் 'பிரெவே' வரை படித்து, பிறகு தட்டுத்தடுமாறி ஆங்கிலமும் தட்டச்சும் கற்று, 1973-இல் அரசு வேலையில் கிளார்க்காகச் சேர்ந்தேன். 2010-இல் ஓய்வு. அந்த 37 வருடமும் மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் நான். கேட்பவர்கள் அந்தப் பக்கம் நிற்பார்கள். வீட்டிலும் அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் ஒருநாள் பக்கத்துப் பையனிடம் பேனா முள் கடன் வாங்கியதற்காக அப்பாவிடம் அடி வாங்கியிருக்கிறேன். வள்ளுவர் 106-ஆம் அதிகாரத்துக்கு 'இரவு' என்று பெயர் வைத்து, தக்கவர்களிடம் கேட்பதில் தவறில்லை, இருந்தும் ஒளித்தால் பழி அவர்களுக்குத்தான் என்கிறார். அடுத்த அதிகாரமே 'இரவச்சம்'. அதில் கேட்காமல் இருப்பதே மேல் என்று பேசுகிறார். நான் பிறவியிலேயே 107-ஆம் அதிகாரத்து ஆள்.

கைக்குட்டை வாங்கிய அன்று மாலை, ரசீதுப் புத்தகத்தைத் திறந்து முதல் ரசீதை என் பெயரிலேயே போட்டேன். 1,000 ரூபாய். அடிக்கட்டையில் கையெழுத்திட்டதும் ஏதோ கொஞ்சம் தெம்பு வந்தது. "நான் இவ்வளவு போட்டிருக்கிறேன், நீங்கள் முடிந்ததைப் போடுங்கள்" என்று சொல்ல நாக்கு எழுந்தது. இந்த வேலையில் இறங்குகிற யாருக்கும் நான் சொல்லக்கூடிய முதல் பாடம் அதுதான். வெற்றுப் புத்தகத்தை யார் முன்னாலும் நீட்டாதீர்கள்.

முதல் வாரம் சுலபமாகப் போயிற்று. மகன், மருமகள், மைத்துனர், பழைய அலுவலக நண்பர்கள். எல்லாம் சேர்ந்து 6,500. இரண்டாம் வாரம் 3,200. மூன்றாம் வாரம் பொங்கல் முடிந்த வாரம். ஊரில் எல்லார் கையும் காலி. அந்த வாரம் முழுவதும் அலைந்து வாங்கியது 400 ரூபாய்.

அந்த வாரத்தை நினைத்தால் இன்றும் கால் வலிக்கிறது. ஒரு வீட்டில் நாய் குரைத்தது, ஆள் வரவில்லை. ஒரு வீட்டில் ஆள் வந்தார், நாயே தேவலை என்று ஆகிவிட்டது. முத்தியால்பேட்டையில் ஒரு அம்மா, நான் வாயைத் திறக்கும் முன்பே "நாங்க வேற மதங்க" என்று கதவைச் சாத்தினார். நான் எந்த மதத்துக்காக வந்திருக்கிறேன் என்று நினைத்தாரோ! லாஸ்பேட்டையில் ஒருவர், ஓய்வுபெற்ற கணக்கர், வராந்தாவில் உட்கார வைத்துக் காபியும் கொடுத்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "வெள்ள நிவாரணம்னு ஒருமுறை ஐயாயிரம் கொடுத்தேன். கணக்கு கேட்டேன், இன்னி வரைக்கும் வரலை. அதுலேர்ந்து யாருக்கும் கொடுக்கறதில்லை. தப்பா நினைக்காதீங்க." தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அன்றிரவு கணக்கைக் கூட்டினேன். 10,100. பாக்கி 14,900. பேசாமல் என் பென்ஷனிலிருந்து பாக்கியைப் போட்டு முடித்துவிடலாம் என்று தோன்றியது. மறுநாள் காலை நடைக்குப் போனபோது என் நண்பரிடம் அதைச் சொன்னேன். நண்பர் பழைய சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுக் குருசுக்குப்பத்தில் வீடு கட்டிக்கொண்டு இருப்பவர். இன்னமும் என்னை 'முசியே' என்றுதான் கூப்பிடுவார்.

"தாராளமா போடு முசியே" என்றார். "யார் வேணாம்னா? ஆனா நீ ஒருத்தன் போட்டா ஒருத்தனுக்குத்தான் தெரியும். நூறு பேர்கிட்ட போய்க் கேட்டா, கொடுக்காதவனுக்கும் தெரியும், இப்படி பஸ்ஸுக்குக் காசில்லாம ஜனம் நிக்குதுன்னு. நாளைக்கு அவன் வீட்டு வேலைக்காரம்மாவுக்கு ஒண்ணுன்னா எங்க போய்க் கேக்கறதுன்னு தெரியும். அதுக்குத்தானே நடக்கறோம்?"

பதில் சொல்லாமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது நியாயம். ஆனாலும் நியாயம் மட்டும் போதுமா? மறுபடி ஒரு கதவைத் தட்டக் கை எழ வேண்டுமே.

அன்று வீட்டுக்கு வந்து படுத்திருந்தபோது, பல வருடமாக நான் திறக்காத ஒரு கோப்பு தானாகத் திறந்துகொண்டது.

1986 என்று நினைவு. எங்கள் அலுவலகத்தில் ஒரு பியூன் இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மனைவிக்கு வயிற்றில் கட்டி, அறுவைச் சிகிச்சை. சேமநல நிதியிலிருந்து முன்பணம் கேட்டு விண்ணப்பம் கொடுத்தார். அந்தக் கோப்பு என் மேஜைக்கு வந்தது. ஒரு படிவத்தில் பழைய சம்பள விவரம் எழுதியிருந்தது. திருத்தி வாங்கி வரச் சொன்னேன். வாங்கி வந்தார். மருத்துவச் சான்றிதழில் முத்திரை சரியாக விழவில்லை. மறுபடி அனுப்பினேன். நான் இரண்டு நாள் விடுப்பு. பிறகு மேலதிகாரி முகாம் போய்விட்டார். அவர் ஐந்தாறு முறை என் மேஜை முன்னால் வந்து நின்றார். ஒவ்வொரு முறையும், "நாளைக்குப் பார்க்கலாம்" என்றேன். ஒவ்வொரு முறையும் அவர், "சரிங்க சார், நாளைக்கு வரேன்" என்று சிரித்துக்கொண்டே போவார். பத்தொன்பதாம் நாள் பணம் கைக்கு வந்தது. நான் எந்த விதியையும் மீறவில்லை. ஒரு நாளாவது எழுந்துபோய் அந்தக் கோப்பை நானே கையில் எடுத்துச் சென்றிருக்கலாம். அதையும் செய்யவில்லை.

நான்கு வருடம் கழித்து ஒருநாள் ஒரு பொட்டலம் இனிப்போடு என் மேஜைக்கு வந்தார். "என்ன விசேஷம், பேரனா?" என்றேன். "இல்லைங்க சார். ஆபரேஷனுக்கு அன்னைக்கு அவசரத்துல வட்டிக்கு வாங்கினேன் இல்லீங்களா? சர்க்கார் பணம் வரதுக்குள்ள டாக்டர் நாள் குறிச்சுட்டாரே. அந்தக் கடன் போன மாசத்தோட தீந்துச்சு. அதான்." குத்திக்காட்ட வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அவருக்கு அது நிஜமாகவே சந்தோஷச் செய்தி. அந்த அம்மாவும் பிழைத்து நன்றாக இருந்தார். நான் அந்த லட்டைத் தின்றேன். எப்படி உள்ளே போயிற்று என்று கேட்காதீர்கள்.

பல வருடமாக இதை என் தவறு என்ற கோணத்தில் மட்டும் நினைத்திருந்தேன். அன்று படுக்கையில் வேறொரு கேள்வி வந்தது. அந்த மனிதர் ஐந்தாறு முறையும் முகம் சுருங்காமல் எப்படி வந்து நின்றார்? நானோ நான்கு கதவு சாத்தியதற்கே சுருண்டு படுத்திருக்கிறேன். யோசித்தபோது விடை எளிமையாக இருந்தது. அவர் தனக்காகக் கேட்கவில்லை. மனைவி ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது தன் கௌரவத்தைப் பற்றி நினைக்க அவருக்கு நேரம் இல்லை. எனக்குத்தான் இருந்தது. நேரு வீதியில் என் தொண்டையை அடைத்தது கூச்சம் இல்லை, நான் யார் என்கிற நினைப்பு.

மறுநாள் காலை பழைய குமாஸ்தா புத்தியை வேலைக்கு இழுத்தேன். முதலில் ஒரு கணக்குப் போட்டேன். ஒரு நோயாளி, துணைக்கு ஒருவர். பஸ், டீ, ஒரு வேளைச் சாப்பாடு எல்லாம் சேர்த்து நாளைக்கு 250 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வாரத்துக்கு 1,250. ஐந்து வாரத்துக்கு 6,250. என் இலக்கான 25,000 என்பது நான்கு பேர். 25,000 என்று நினைத்தால் மலைப்பாக இருந்தது. நான்கு பேர் என்று நினைத்தபோது முகங்கள் தெரிந்தன. பாக்கி இரண்டரை ஆளுக்குக் கொஞ்சம் குறைவு. அவர்களை நடுவழியில் விட முடியுமா?

அடுத்தது, ரூபாயை எண்ணுவதை நிறுத்தினேன். எத்தனை ரூபாய் வரும் என்பது என் கையில் இல்லை, எத்தனை கதவு தட்டுகிறேன் என்பது என் கையில் இருக்கிறது. நாளைக்கு ஐந்து கதவு. ஞாயிறு விடுமுறை. ஐந்து முடிந்தால் அன்றைய வேலை முடிந்தது. ஐந்தும் 'இல்லை' என்றாலும் சம்பளம் வாங்கிய திருப்தியோடு வீட்டுக்கு வந்து மோர் குடிப்பேன். சின்ன வயதில் பள்ளியில் சொல்லிக்கொடுத்த பழமொழி ஒன்று: 'பெத்தி த பெத்தி, லுவாசோ ஃபே சொன் நீ.' கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குருவி கூடு கட்டும். நம் 'சிறுதுளி பெருவெள்ள'த்தின் பிரெஞ்சு ஒன்றுவிட்ட தம்பி. குருவி குச்சியைத்தான் எண்ணுகிறது. கூட்டை நினைத்து மலைத்து உட்கார்ந்திருந்தால் ஒரு குச்சிகூட வந்து சேராது.

ஒரு நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டேன். தேதி, வீடு, பதில், ரசீது எண், நன்றி சொன்னேனா என்று ஐந்து பத்தி. பதில் என்ற பத்தியில் 'இல்லை' என்று மொட்டையாக எழுதக் கூடாது என்று எனக்கு நானே விதி வைத்துக்கொண்டேன். 'பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறார்', 'மாதக் கடைசி', 'உடம்பு சரியில்லை' என்று காரணத்தையும் எழுதினேன். எழுத எழுத ஒன்று புரிந்தது. அந்தக் காரணங்களில் ஒன்றுகூட என்னைப் பற்றியது இல்லை. நன்றி சொல்வதை அன்று இரவுக்குள் முடித்தேன். 20 ரூபாய் கொடுத்த பூக்காரம்மாவுக்கும் ரசீது, 2,000 கொடுத்தவருக்கும் அதே ரசீது. பூக்காரம்மா அந்தச் சீட்டை மடித்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டு, "என் பேரை அச்சுல போடுவீங்களா?" என்று கேட்டார். "கணக்குல போடுவேம்மா" என்றேன்.

வரிச்சலுகை பற்றி விசாரிப்பவர்களுக்காக, பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்குத்தான் 80ஜி பயன்படும், அதிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது, காசோலையோ யுபிஐ-யோ வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். செல்போனில் பணம் அனுப்புவது எனக்குச் சரியாக வராது. என் பேத்திதான் பள்ளி விட்டு வந்ததும் அந்தக் கட்டச்சதுரப் படத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இரண்டு கதவுக்குக் கூட வருவாள். அவள் வந்த நாட்களில் வசூல் கூட. அதையும் நோட்டில் பதிவு செய்திருக்கிறேன்.

நான்காம் வாரம் 2,900 வந்தது. ஐந்தாம் வாரம் பென்ஷன் வந்த வாரம், 5,850. ஆறாம் வாரம் 3,100. ஏழாம் வாரம் 2,300. நேரு வீதித் துணிக்கடைக்கும் மறுபடி போனேன். "வாங்க சார், கைக்குட்டையா?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். "அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்று 500 ரூபாய் எடுத்துக் கொடுத்தார். எட்டாம் வாரம் 1,480. அந்த ஐந்து வாரத்தில் தட்டிய கதவு 150. கொடுத்தவர்கள் 61 பேர். கொடுக்காத 89 பேரில் பலர், டாக்டர் சொன்ன விஷயத்தை நின்று கேட்டார்கள். என் நண்பர் சொன்ன கணக்கில் அவர்களும் வரவுதான்.

நடை நாளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. காலை ஆறு மணிக்குக் காந்தி சிலையிலிருந்து கிளம்பினோம். முதல் சுற்றில் எல்லோரும் பேசினோம். இரண்டாவது சுற்றில் பழைய கலங்கரை விளக்கத்துக்கு முன்னால் என் முழங்கால் பேச ஆரம்பித்தது. சொல்தா நண்பர் என் வேகத்துக்குத் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, "ஓன், தே, ஓன், தே" என்று ராணுவ நடை சொல்லிக்கொண்டே வந்தார். ஏழேகாலுக்கு, வண்டிகள் வருவதற்கு முன், முடித்துவிட்டோம்.

வசூல் 25,730 ரூபாயை அறக்கட்டளையில் கட்டி ரசீது வாங்கினேன். கொடுத்தவர்களுக்கெல்லாம் ஒரு பக்கக் கணக்கு அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடுக்காத ஒருவருக்கும் ஒரு பிரதி எடுத்துப் போனேன். லாஸ்பேட்டைக் கணக்கர்.

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பென்சிலால் ஒவ்வொரு வரியாகக் கூட்டினார். காபி ஆறிக்கொண்டிருந்தது. கடைசியில் தலையை நிமிர்த்தி, "பத்து ரூபா எங்க சார்?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வசூல் மொத்தம் 25,740 என்று அச்சாகியிருந்தது. கட்டிய தொகை 25,730. நான் பத்து ரூபாயை விழுங்கிவிட்டேன் என்றுதான் யாரும் நினைப்பார்கள். 37 வருடம் அரசாங்கத்துக்குக் கணக்கு எழுதியவன்! இருவரும் உட்கார்ந்து எட்டு வாரத்தையும் மறுபடி கூட்டினோம். பணம் சரி, மொத்தத்தில்தான் பிழை. அவரே பென்சிலால் திருத்திச் சுருக்கெழுத்திட்டார். அவர் முகத்தில் அப்படியொரு மலர்ச்சி. உள்ளே போய் 200 ரூபாயோடு வந்தார்.

"வசூல் முடிஞ்சு போச்சுங்களே" என்றேன்.

"அடுத்த வருஷக் கணக்குல போடுங்க" என்றார்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பிரெஞ்சுக்காரர் காலத்துப் பழைய பேரேடுகளை அலுவலகத்தில் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'அ ரெப்போர்த்தே' என்று எழுதி ஒரு தொகை இருக்கும். அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோக வேண்டியது என்று பொருள். பியூன் விஷயத்தில் என் பக்கத்தின் அடியில் அப்படி ஒரு தொகை முப்பத்தெட்டு வருடமாக நின்றிருந்தது. அவர் இன்று இல்லை. 25,730 ரூபாயில் அது தீர்ந்துவிட்டது என்று நான் எழுத மாட்டேன், கணக்குக்கு அது அடுக்காது. ஆனால் பக்கத்தைப் புரட்டி, அந்தத் தொகையை மேலே எழுதி, வரவு வைக்க ஆரம்பித்திருக்கிறேன்.

லாஸ்பேட்டை 200 ரூபாய்க்கு அன்றே ரசீது போட்டுவிட்டேன். இந்த வருடப் புத்தகத்தில் அதுதான் முதல் ரசீது. நாளைக்கு ஐந்து கதவு. உங்கள் வீட்டு வாசலில் மஞ்சள் பையோடு ஒரு கிழவர் வந்து நின்றால், கொடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஒரு நிமிடம் கேளுங்கள். நாயை மட்டும் கட்டி வையுங்கள்.